இடது பக்கம் வரும் பந்து

ஜூன் 8, சனி

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். மிதுலாவின் நோட்டுகளுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. நாலாம் வகுப்புக்கே இத்தனை நோட்டு. ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காய் அப்படியே கிடக்கிறது, இன்னும் உப்புப் போடவில்லை.

நடுவில் மைதிலியின் போன். கோயமுத்தூரில் பெரிய கண் டாக்டராக இருக்கும் என் தங்கைக்கு, ஏதாவது காரியம் இருந்தால்தான் ஈரோட்டில் அக்கா ஒருத்தி இருப்பது ஞாபகம் வரும்.

"அக்கா, மிதுவ ஒருநாள் எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றயா? ஊசி, மருந்து ஒண்ணும் கெடையாது. ஒரு மெஷின்ல தாடைய வச்சு உக்காந்தாப் போதும், படம் எடுத்துக்குவோம்."

"எதுக்குடி? அவளுக்குத்தான் கண்ணு நல்லா இருக்குதே."

"நல்லா இருக்கறதுனாலதான் கேக்கறேன். சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குள்ள அழற்சி வருதுக்கா. வெளிய செவக்காது, வலிக்காது. ஆனா உள்ள இருக்கற பொடிப்பொடி ரத்தக் குழாயெல்லாம் கெட்டுப்போகுது. அது எப்படி மாறுதுன்னு படம் எடுத்துப் பாக்கறோம். ஒப்பிட்டுப் பாக்க நல்ல கண்ணுள்ள குழந்தைகளும் வேணும்."

வருகிறேன் என்றேன். என் மகளின் கண்ணை நல்ல கண் என்று ஒரு டாக்டரே சொல்லும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது.

ஜூன் 9

மாங்காய் தண்ணீர் விட்டுவிட்டது. ஊறுகாய் இந்த வருடம் சரியாக வராது.

ஜூன் 15, சனி

கோயமுத்தூர் போய்வந்தோம். இவருக்கு மஞ்சள் மண்டியில் ஏலம். அதனால் நானும் மிதுவும் மட்டும் ரயிலில் போனோம்.

முதலில் சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை படித்துக் காட்டினாள். பிறகு இருட்டு அறை. மிது மெஷினில் தாடையை வைத்து, உள்ளே தெரிந்த பச்சைப் புள்ளியை அசையாமல் பார்த்தாள். படம் எடுத்த பெண் "சமத்து" என்றாள். வலது கண் உடனே முடிந்தது. இடது கண்ணை எடுத்தாள், மறுபடி எடுத்தாள், பிறகு எழுந்துபோய் மைதிலியைக் கூட்டிவந்தாள். மைதிலியும் எடுத்தாள். பிறகு சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பா விரியும்வரை உட்காரவைத்து, லென்ஸ் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அதற்கு அப்புறம்தான் என்னை உள்ளே கூப்பிட்டாள்.

கம்ப்யூட்டரில் இரண்டு படங்கள். வலது கண்ணின் படம் நெருக்கமாகப் பின்னிய வலைபோல மெல்லிய நூல் நூலாக ஓடியது. இடது கண்ணின் படத்தில் அங்கங்கே நூலே இல்லை. பூச்சி அரித்த துணிபோல ஓட்டைகள். ஓட்டை முழுவதும் கறுப்பு.

"இதெல்லாம் பொடி ரத்தக் குழாய்க. கறுப்பா இருக்கற எடத்துல ரத்தம் போறதில்ல. நான் ஆராய்ச்சி பண்ற அதே நோய்தான்க்கா. எப்ப வந்துச்சுன்னு தெரியல."

"கடைசி வரி வரைக்கும் படிச்சாளே. நீயுந்தான பாத்த?"

"படிப்பா. பார்வைக்கு முக்கியமான நடு எடத்த இன்னும் அது தொடல. தொட்டுட்டாப் படிக்க மாட்டா. அதுக்குத்தான் இப்பவே மருந்து ஆரம்பிக்கோணும்ங்கறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் கை சில்லென்று இருந்தது. ஏசி அதிகமாக இருந்தது.

நல்ல கண் வேண்டும் என்று அழைத்தாள். கெட்ட கண் என்று சொல்லி அனுப்பிவைத்தாள். ரயிலில் மிது ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்துப் போர்டுகளை எல்லாம் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தாள். இடது கண்ணை மட்டும் திறந்து படி என்றேன். அதையும் படித்தாள்.

ஜூன் 20

ரத்தம், எக்ஸ்ரே, கையில் குத்திப் பார்க்கும் பரிசோதனை, எல்லாம் நார்மல். மைதிலிக்குச் சொன்னேன். "காரணம் தெரியாமயும் இது வரும்க்கா" என்றாள். டாக்டர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

மருந்து ஆரம்பித்தாயிற்று. சொட்டு மருந்து, மாத்திரை. மாத்திரை கசக்கிறது என்று துப்பினாள். பொடித்து வெல்லத்துக்குள் வைத்துக் கொடுத்தேன். இவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். "மைதிலி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். இந்த வீட்டில் எல்லோருக்கும் மைதிலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

என் முறை வந்தபோது அப்பா எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். மூன்று வருடம் கழித்து அவள் முறை வந்தபோது தோட்டத்தை விற்று டாக்டருக்குப் படிக்கவைத்தார். ப்ளஸ் டூவில் என் மார்க் அவள் மார்க்கைவிட அதிகம். இதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

ஜூலை 7, ஞாயிறு

மிது சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். மாத்திரையால் பசி அதிகமாகும் என்று மைதிலி முன்பே சொல்லியிருந்தாள். முகம் பூசணிக்காய்போல ஆகிவிட்டது. பள்ளியில் ஏதோ பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன பெயர் என்று சொல்லாமல் அழுதாள்.

காலையில் ஷட்டில் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டபோது பிரபாகர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், மிதுலாவுக்கு என்னங்க ஆச்சு? போன மாசம் காத்து மாதிரி ஓடுனா. இப்பக் கால நகத்தவே மாட்டேங்கறா. அடுத்த மாசம் மாவட்டத் தேர்வுங்க. இந்த வருசம் அவளத்தான் நான் நம்பியிருந்தேன்."

சத்து மாத்திரை சாப்பிடுகிறாள், சரியாகிவிடும் என்றேன். கண் நோய் என்று சொன்னால் அணியிலேயே சேர்க்க மாட்டார். மிது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்தவள். அவள் ஒன்றில் முதலாக வரட்டும் என்று ஆசைப்படுவது தப்பில்லை.

ஜூலை 20, சனி

பக்கத்துத் தெரு கண் டாக்டரிடம் காட்டினோம். இவரும் வந்தார். மிது எழுத்துகளை எல்லாம் படித்தாள். "பார்வை பிரமாதமா இருக்குதுங்க" என்றார் டாக்டர். வேறு என்னவோவும் சொன்னார். பார்வை பிரமாதம். அதுதான் முக்கியம்.

வரும் வழியில் அவளுக்குப் புது ரிப்பன் வாங்கினேன்.

ஜூலை 22

மாத்திரை அட்டை தீர்ந்தது. மருந்துக் கடைப் பக்கம் போக நேரமில்லை. வீட்டில் ஒட்டடை அடிக்க ஆள் வந்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பவானி கூடுதுறைக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் கரை புரண்டு போகிறது. புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், மூன்றும் நானே கட்டி எடுத்துப்போனேன். மிதுவின் முகம் பழையபடி சின்னதாகிவிட்டது. இவர் அதைப் பார்த்து, "மாத்திரை ஒத்துக்கிச்சு போலிருக்குது" என்றார். அவருக்கு இன்னும் கொஞ்சம் புளிச்சாதம் வைத்தேன். மாத்திரை கொடுக்கிறாயா என்று அவர் கேட்கவில்லையே.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மிதுலா தேர்வாகிவிட்டாள்! பதினொரு வயதுக்கு உட்பட்டோரில் இரண்டாவது பெயர். அவளுக்கு இன்னும் ஒன்பதுகூட முடியவில்லை. அவள் சட்டை முழுக்க வேர்வை, அப்படியே தூக்கிக்கொண்டேன்.

மைதிலிக்குப் போட்டோ அனுப்பினேன். பதில் வந்தது: "மாத்திரை விடாமக் குடுக்கறதான? திடீர்னு நிறுத்தக் கூடாதுக்கா. எப்ப வர்றீங்க, மறுக்கா படம் எடுக்கோணும்." ஒரு வாழ்த்து இல்லை. கொடுக்கிறேன் என்று பதில் போட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வீட்டில் கொசு அதிகமாகிவிட்டது. மிது பாடம் படிக்கும்போது முகத்துக்கு முன்னால் கையை வீசிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. குழந்தைகளைத்தான் கொசு அதிகம் தேடும். கொசு மருந்து வாங்கி மாட்டினேன். சாக்கடையில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னேன்.

ஆகஸ்ட் 28

கொசு மருந்தை மாற்றிப் பார்த்தேன். இன்னும் வீசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இடது பக்கம் வரும் பந்தை மிது விட்டுவிடுகிறாள். பந்து தரையில் விழுந்த பிறகு மட்டையை வீசுகிறாள். பிரபாகர் சார், "கவனம் பத்தலைங்க. இடது பக்கம் வீக்கா இருக்கறா" என்றார். வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் நானே பந்து போட்டுப் பழக்குகிறேன். இடது பக்கமே போடுகிறேன். விடும்போதெல்லாம் ஒரு சுற்று ஓட்டம் என்று சொல்லியிருக்கிறேன். இன்று ஓடி ஓடிக் களைத்து, தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"பந்து திடீர்னு வருதும்மா."

"பந்து எப்பவும் போலத்தான் வருது. நீதான் எங்கயோ பாக்கற."

நானும் பள்ளிக்கூடத்தில் ஆடியவள். சோம்பேறித்தனம் பார்த்தால் எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மைதிலி போன் செய்தாள். நேற்று இவருக்கும் மண்டிக்கு போன் செய்திருக்கிறாள். எனக்குப் பின்னால் என் புருஷனிடம் என்ன பேச்சு?

"மாமா மாத்திரை பத்தித் தெரியலங்கறாரு. உண்மையச் சொல்லுக்கா. குடுக்கறயா, நிறுத்திட்டயா?"

"அவ நல்லா இருக்கறா. நல்லா இருக்கற குழந்தைக்கு எதுக்கு விஷத்தக் குடுக்கோணும்?"

"நல்லா இருக்கற மாதிரி தெரியும்க்கா. அதுதான் இந்த நோயோட கொடுமையே. எங்கிட்ட வர்ற பாதிப் பேரு கண்ணு போனதுக்கப்பறந்தான் வர்றாங்க. உனக்கு முன்னாலயே தெரிஞ்சுருக்குது. அத வீணாக்கிறாத."

"உன்ற ஆராய்ச்சிக்கு ஆளு கெடைக்கலைன்னா வேற எங்காவது போய்த் தேடு."

பிறகு பேச்சு வளர்ந்தது. நானும் ஏதோ சொன்னேன். கோபத்தில் யாருக்குத்தான் வார்த்தை வராது. அவள் போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மிதுவை உட்காரவைத்து உப்பு, மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே இல்லை.

செப்டம்பர் 16

இட்லிக்கு அரைத்தேன்.

அக்டோபர் 5, சனி

மைதிலி வந்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், கையில் ஒரு பெட்டியோடு. மாலை ஐந்து மணி. கேட் கம்பி வழியாகத்தான் பேசினோம்.

"ஒருக்காப் பாத்துட்டுப் போயிர்றேன்க்கா. பத்து நிமிசம். நீ எங்கிட்டப் பேசக்கூட வேண்டாம்."

மிது தூங்குகிறாள், எழுப்ப முடியாது என்றேன். நாளெல்லாம் விளையாடும் பிள்ளை, களைத்துப்போய்த் தூங்குவது சகஜம். அந்த நேரம் பார்த்து மாடியில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம். மைதிலி நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். பிறகு தெருமுனைவரை நடந்துபோய் ஆட்டோ ஏறினாள்.

இளைத்திருக்கிறாள். புடவை கட்டத் தெரியவில்லை இன்னும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மண்டியில் பெரிய பூஜை, வீட்டில் சின்ன பூஜை. மிதுவின் மட்டைக்கும் பொட்டு வைத்தேன். இடது பக்கம் வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தை முழங்கையால் தட்டிவிட்டாள். புத்தகமெல்லாம் சந்தனம். ஓர் அறை விட்டேன். பூஜை நாளில் அடித்திருக்கக் கூடாது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. முறுக்கு நன்றாக வந்தது. மிது மத்தாப்பைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு பார்க்கிறாள். ஸ்டைல் பண்ணுகிறாள் என்று இவர் சிரித்தார்.

மைதிலி வீட்டுக்குப் பலகாரம் அனுப்பவில்லை. அங்கிருந்தும் வரவில்லை.

நவம்பர் 9, சனி

போட்டி. முதல் சுற்றிலேயே தோற்றாள். எதிரே ஆடியது ஒரு நோஞ்சான் பெண். நாலைந்து பந்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு பந்தையும் இடது பக்கமே போட்டாள். எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரபாகர் சார் என் முகத்தைப் பார்க்காமலே, "அடுத்த வருசம் பாக்கலாங்க" என்றார்.

வீட்டுக்கு வரும்வரை நான் அவளோடு பேசவில்லை. வந்து, தோசை வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

தலை வாரிவிடும்போது மிது கண்ணாடிக்கு முன்னால் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இப்படி மூடினா உங்க மூஞ்சி மட்டும் காணோம்."

"என்னது?"

"காது தெரியுது. தோடு தெரியுது. தலைக்கு மேல லைட்டு தெரியுது. மூஞ்சி இருக்கற எடத்துல மட்டும் ஒண்ணும் இல்ல."

"எப்ப இருந்து?"

"கொஞ்ச நாளா. நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல."

விளையாடாதே என்றேன். பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். இரண்டு பின்னலும் ஏறுமாறாக இருந்தன. அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினேன்.

நவம்பர் 20, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து போன். இடது கண்ணுக்குள் சிவப்புச் சிவப்பாக நூல் இறங்குகிறது என்று மிது வகுப்பில் அழுதிருக்கிறாள். நான் போவதற்குள் எல்லாம் புகையாகிவிட்டது என்கிறாள். வெளியே இருந்து பார்த்தால் கண் பளிங்குமாதிரி இருக்கிறது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஓடினோம். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். ரத்த ஓட்டம் நின்ற இடத்தில் கண் தானாகவே புதுக் குழாய்களை வளர்த்திருக்கிறது, அதெல்லாம் பலமில்லாதவை, அதில் ஒன்று உடைந்திருக்கிறது என்று விளக்கினார். பிறகு இவரைப் பார்த்து, "அன்னைக்கே சொன்னேனேங்க, எங்கிட்ட அந்த மெஷின் இல்ல, கோயமுத்தூர்ல சொன்ன மருந்தை நிறுத்தாதீங்கன்னு" என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நவம்பர் 21, வியாழன்

மைதிலியிடம் போக வேண்டாம், சென்னைக்குப் போகலாம் என்றேன். இவர் இதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. இன்றும் உயர்த்தவில்லை.

"அவகிட்டப் போக எனக்கும் மூஞ்சி இல்ல ரேணுகா. 'மலடி, உன்ற கண்ணுதான் என்ற புள்ளமேல பட்டுருச்சு'ன்னு நீ போன்ல சொல்றப்ப நான் பக்கத்துல தான உக்காந்திருந்தேன்."

"கோவத்துல வந்துருச்சுங்க."

"நமக்கும் எட்டு வருசம் இல்லாம இருந்துச்சு. அப்ப உன்ன யாராவது ஒரு வார்த்தை சொல்லீட்டா நீ எப்படி அழுவ? மைதிலிதான் வந்து கூட இருப்பா. அவளுக்கு அந்த வார்த்தையக் குடுத்திருக்கற. நானும் கேட்டுட்டுச் சும்மா இருந்தேன்."

சென்னைக்கு டிக்கெட் எடுக்கக் கிளம்பிவிட்டார். காபி ஆறிப்போய் மேஜையிலேயே இருந்தது.

நவம்பர் 23, சனி, சென்னை

இங்குள்ள டாக்டர் வயதானவர். மிதுவிடம் கனிவாகப் பேசினார். எங்களிடம், "இது முதல்ல எப்பத் தெரிஞ்சது?" என்று கேட்டார்.

"போன வாரந்தாங்க டாக்டர்" என்றேன்.

மிது மெஷினில் தாடையை வைத்தபடியே சொன்னாள். "இல்ல டாக்டர், ஸ்கூல் தொறக்கறப்பவே சித்தி படம் எடுத்தாங்க. மாத்திரைகூட வெல்லத்துல வச்சுத் தின்னேன். அப்புறம் தீந்துருச்சு."

அறையில் இருந்த இளம் டாக்டர்கள் இரண்டு பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். வயதான டாக்டர் லென்ஸைத் துடைத்துக்கொண்டு மிதுவின் பக்கம் குனிந்தார்.

குழந்தைக்கு எது எப்போது நடந்தது என்று எங்கே சரியாக நினைவிருக்கும்.

டிசம்பர் 4, புதன், சென்னை

ஆபரேஷன் முடிந்தது. உள்ளே இருந்த ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். விழித்திரை இழுபட்டு மடிந்திருந்ததாம். ஒட்டவைத்திருக்கிறார்கள். "எங்களால முடிஞ்சதச் செஞ்சிருக்கோம்" என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தை எங்கே சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மிது கண்கட்டோடு, "டிபன் என்னம்மா?" என்று கேட்டாள். இட்லி என்றேன்.

டிசம்பர் 19

கட்டுப் பிரித்துப் பல நாள் ஆகிறது. இடது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் ஆடுகிறது என்கிறாள். எத்தனை விரல் என்றால் தெரியவில்லை. தினமும் குளித்துவிட்டு வந்ததும் கேட்கிறேன். தினமும் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்கிறாள். எனக்காகத்தான் சொல்கிறாள் என்று தோன்றுகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. மிது டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். உடனே துணி எடுத்துத் தானே துடைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லையே, ஏன் இப்படிப் பயந்துபோய்ப் பார்க்கிறாள்.

பிப்ரவரி 8, சனி, சென்னை

வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. படத்தைக் காட்டினார்கள். வலையில் இரண்டு மூன்று இடத்தில் நூல் இல்லை. ஒவ்வோர் ஓட்டையாகக் காட்டி டாக்டர் விளக்க ஆரம்பித்தார். எனக்குப் படம் பார்க்கத் தெரியும் என்றேன்.

இந்த முறை வயிற்றுச் சதையில் போடும் ஊசி. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. மாதாமாதம் படம். ஈரோட்டிலிருந்து ஒவ்வொரு தடவையும் குழந்தையை இவ்வளவு தூரம் அலைக்க வேண்டாம் என்றார்.

"உங்க பக்கத்துலயே கோயமுத்தூர்ல ஒருத்தங்க இருக்காங்க. குழந்தைகளோட கண் அழற்சிக்கு இப்ப அவங்களத்தான் நாங்களே கேட்டுக்குவோம். டாக்டர் மைதிலின்னு பேரு. லெட்டர் தர்றேன்."

இவர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 22, சனி

கோயமுத்தூர். வழியெல்லாம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். இவர் சீட்டுப் போட்டுவிட்டு வெளியே காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். "நீ போ" என்றார்.

பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். மிது, "சித்தி!" என்று ஓடப் பார்த்து, இடது பக்கம் இருந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். மைதிலி எழுந்து வந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். "என்ற தங்கம், எவ்வளவு ஒசந்துட்ட" என்றாள். பிறகு அவள் பார்வை சீட்டோடு இணைத்திருந்த சென்னைக் கடிதத்துக்குப் போனது. முழுவதும் படித்தாள். படிக்கப் படிக்க முகம் இறுகியது.

"மைதிலி" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். வேறு எந்தக் குழந்தையின் தாயிடமும் எப்படிப் பேசுவாளோ, அதே குரலில் பேசினாள்.

"மருந்து ஊத்திப் பாக்க நேரமாகுங்க. நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா. நாங்க கூப்பிடறோம்."

நீங்க என்றாள். பிறந்ததிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அடித்துக்கொண்டபோதும், என் கல்யாணத்தன்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும் நீதான். பக்கத்தில் நின்ற நர்ஸ் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.

வெளியே நாற்காலிகள் நிறைய ஆட்கள். இடம் கிடைத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் தாராபுரத்துப் பெண் ஒருத்தி. அவள் மடியில் சின்னப் பெண், காலை ஆட்டிக்கொண்டு சுவரில் இருந்த விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இந்த டாக்டரம்மா நல்லவங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "எங்க புள்ளைக்கு நல்லாத்தான் கண்ணு தெரியுதுங்க. பாருங்க, எப்படிப் படிக்கறான்னு. ஆனா படத்துல என்னமோ கறுப்பா இருக்குதாம். நெம்ப நாளைக்கு மருந்து சாப்பிடோணுங்கறாங்க. வீட்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நம்பலாமுங்களா?"

"நம்புங்க" என்றேன். அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு மறுபடி சொன்னேன். "நம்புங்க. மருந்தை நிறுத்தாதீங்க."

"உங்க புள்ளைக்கும் இதேதானுங்களா?"

"ஆமாங்க."

"சீக்கிரமே கண்டுபுடிச்சுட்டாங்களா?"

கதவின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். மைதிலி என் மகளின் தாடையை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"ஆமாங்க. நெம்ப சீக்கிரமே கண்டுபுடிச்சுட்டாங்க."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் பயமில்லைங்க" என்று அவள் நிம்மதியாகச் சிரித்தாள்.